ஏதும் குறை உண்டா?

சிவமயம்

சென்னை,
18-1-1954

அன்பு மிகுந்த சேதுலட்சுமி ஆச்சிக்குத் தம்பி சொக்கநாதன் எழுதுவது.

நானும் தனமும் இங்கே சுகம். மாப்பிள்ளை பொங்கலுக்கு வந்திருந்து நேற்றுத்தான் கோயம்புத்தூர் திரும்பினார். தனத்துக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. முகத்தில் அவள் ஆத்தாவின் களை அப்படியே வந்துவிட்டது. பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, இதைப் பார்க்க அவள் இல்லையே என்று வருத்தமாகவும் இருக்கிறது.

பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். தை கடைசியில் தனத்தை ஊருக்கு அனுப்பி வைக்கிறேன். தாயில்லாத பிள்ளைக்கு நீங்கள்தான் தாய். பிரசவம் நம் ஆஸ்பத்திரியிலேயே நடக்கட்டும். நம் ஆத்தா பேரில் கட்டி நாலு வருஷம் ஆகப்போகிறது. ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் அங்கே வரச்சொல்லிவிட்டு நம் வீட்டுப் பெண்ணைத் திருச்சிக்கு அனுப்பினால் அது என்ன நியாயம்?

நீங்கள் பயப்படுவீர்கள் என்று தெரியும். அதற்காக ஒன்று சொல்கிறேன். இந்த மோட்டார் சாமான் கடையை நான் வளர்த்த விதம் உங்களுக்குத் தெரியும். சாமான் வாங்கிப் போகிறவரை வாசலில் நிறுத்தி, போன தடவை வாங்கியதில் என்ன குறை என்று கேட்பேன். அவர்கள் குறை சொல்லச் சொல்லத்தான் கடை வளர்ந்தது. போன வருஷம் அதே வழக்கத்தை ஆஸ்பத்திரியிலும் வைத்தேன். பிரசவமாகி வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொருத்தியையும் மேனேஜர் கண்ணுசாமி, "ஏதும் குறை உண்டா?" என்று கேட்க வேண்டும். ஒருத்தியைக்கூட விடக் கூடாது. வந்த பதிலை மாதாமாதம் எனக்கு எழுத வேண்டும். நோயாளியைக் கேட்டு ஆஸ்பத்திரி நடத்துகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று இங்கே ஒரு டாக்டர் நண்பர் ஆச்சரியப்பட்டார்.

ஒரு வருஷமாக ஒரு குறைகூட வரவில்லை, ஆச்சி. நம் ஆஸ்பத்திரி டாக்டர் சிவசாமியைப் பாராட்டி நானே கடிதம் எழுதினேன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தங்கள் தம்பி,
சொக்கநாதன்


சிவமயம்

மருதங்குடிப்பட்டி,
24-1-1954

தம்பி சொக்கநாதனுக்கு ஆச்சி சேதுலட்சுமியின் ஆசீர்வாதம்.

முடிவை நீ எடுத்துவிட்டு என்னிடம் யோசனை கேட்பதுபோல எழுதுவது சின்ன வயதிலிருந்தே உன் வழக்கம். நானும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை. இந்தத் தடவை கொஞ்சம் கோபம் வருகிறது.

ஒரு வருஷமாக ஒரு குறையும் வரவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நம் ஊர்க்காரர்களை உனக்குத் தெரியாதா? கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, கை கழுவும் இடத்தில் நின்று ரசத்தில் புளிப்பு ஏறிவிட்டது என்பார்கள். கோயில் பிரசாதத்தையே உப்பில்லை என்று சொல்கிற வாய் இவர்கள் வாய். அந்த வாயெல்லாம் உன் ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் ஒரு வருஷமாக மூடியிருக்கிறது என்றால், எனக்கு அது பாராட்டாகத் தெரியவில்லை.

நம் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஆண்டிச்சாமியின் மருமகள் அழகியை உனக்கு நினைவிருக்கும். நெடுநெடுவென்று வளர்ந்த பெண், சிரித்தால் தெருவுக்கே கேட்கும். மார்கழியில் நம் ஆஸ்பத்திரியில்தான் பெற்றாள். சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனாள். போன அன்றைக்கே குளிர்க்காய்ச்சல் கண்டு, பிதற்றி, அந்த வாரத்திலேயே செத்துப்போனாள். பால்மணம் மாறாத பிள்ளையை இப்போது ஆண்டிச்சாமியின் பெண்சாதி ஆட்டுப்பால் புகட்டி வளர்க்கிறாள்.

துக்கம் கேட்கப் போனபோது ஆண்டிச்சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருணியில் பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் படியிறங்கினால் பேச்சு மாறிவிடுகிறது. நேற்று ஒரு நிறைசூலியை ஏற்றிக்கொண்டு வண்டி ஒன்று நம் ஆஸ்பத்திரி வாசல் வழியே நிற்காமல் திருமயம் ரோட்டில் போனது. வண்டிக்காரனை நான் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காததுபோல மாட்டை அதட்டிக்கொண்டு போனான்.

தனத்தைத் திருச்சியில் சேர்த்துவிடு தம்பி. நான் கூடவே போய் இருக்கிறேன்.

சேதுலட்சுமி


சிவமயம்

சென்னை,
2-2-1954

ஆச்சிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அழகியின் சாவைப் பற்றி டாக்டர் சிவசாமிக்கு எழுதிக் கேட்டேன். உடனே பதில் போட்டார். அவள் வார்டில் இருந்தவரை காய்ச்சல் கிடையாது. மற்றவர்களுக்கும் அப்படியே. வீட்டுக்குப் போனபின் அழுக்குத் துணி, பத்தியம் என்று கண்ட கஷாயம், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கை என்று இருந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. வாசலைத் தாண்டிய பிறகு நடப்பதற்கு நாம் பொறுப்பேற்க முடியுமா?

ஊருணிப் பேச்சை வைத்து ஒரு ஆஸ்பத்திரியை எடை போடக் கூடாது, ஆச்சி. நேருக்கு நேர் கேட்டோம், ஒருத்தியும் குறை சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசுவதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நம் வீட்டுப் பெண்ணே திருச்சிக்குப் போனால், நாளையிலிருந்து ஒரு வண்டியும் நம் வாசலில் நிற்காது. ஆத்தா பேர் போட்ட பலகை வெயிலில் காய வேண்டியதுதான். தனம் அங்கே பெற்றாள் என்றால் எல்லார் பயமும் தெளிந்துவிடும். மாப்பிள்ளைக்கும் சம்மதம்.

வெள்ளிக்கிழமை ரயிலில் அனுப்புகிறேன். துணைக்குக் கடைக் கணக்கப்பிள்ளை வருகிறார். புதுக்கோட்டை ஸ்டேஷனுக்குக் கார் அனுப்பி வையுங்கள்.

சொக்கநாதன்


சிவமயம்

மருதங்குடிப்பட்டி,
16-2-1954

தம்பிக்கு,

தனம் வந்து சேர்ந்து நன்றாக இருக்கிறாள். காலையில் இட்லி, பத்து மணிக்கு மாங்காய், மத்தியானம் சாப்பாடு, அப்புறம் மறுபடி மாங்காய். "அயித்தை, வயித்துக்குள்ள இருக்கறதுதான் கேக்குது, நான் இல்லை" என்கிறாள். அவள் நடமாடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

நீ கோபித்தாலும் சரி, நான் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தேன். கண்ணுசாமி கேட்பதை என் கண்ணால் பார்த்தேன். உனக்கு அது புரிய வேண்டும், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி கிளம்பிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை. கண்ணுசாமி எதிரில் வந்து நின்று தொண்டையைச் செருமி, "ஏதும் கொறை உண்டா?" என்றார். அந்தப் பெண்ணின் கை சட்டென்று பிள்ளையின் தலைக்குப் போயிற்று. முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடினாள். "ஒரு கொறையும் இல்லைங்க, ஒரு கொறையும் இல்லைங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். பக்கத்தில் நின்ற மாமியார் கீழே குனிந்து மண்ணெடுத்துப் பிள்ளையைச் சுற்றிப் போட்டாள்.

தம்பி, மோட்டார் சாமானுக்குக் கேட்கிற கேள்வியைப் பிள்ளை பெற்றவளிடம் போய்க் கேட்டிருக்கிறாய். நம் பக்கத்தில் குறைப் பிரசவம் என்போம், குறைப் பிள்ளை என்போம். மடியில் பச்சை மண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தாயாவது "குறை உண்டு" என்று வாயால் சொல்வாளா? சொன்னால் அது பிள்ளைக்குப் பலித்துவிடும் என்று பயம். உன் கண்ணுசாமி ஆஸ்பத்திரியைத்தான் கேட்கிறார், அவர்கள் காதில் பிள்ளையைக் கேட்பதாக விழுகிறது. ஒரு வருஷமாக உனக்கு வந்து சேர்ந்த பதில் முழுக்க இதுதான்.

அடுத்து ஒருத்தி கிளம்பியபோது கண்ணுசாமியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே கேட்டேன். "ஒந் தங்கச்சி மாசமா இருந்தா இங்க கூட்டியாருவியா?" அவள் மாமியாரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "அவளுக்கு வீட்டுலயே ஆகட்டும் ஆச்சி" என்றாள். அந்த வாரம் முழுதும் அதையே எல்லாரிடமும் கேட்டேன். சரி, கூட்டிவருகிறேன் என்று சொன்னவள் ஒருத்தி இல்லை.

பிறகு முன்னே பெற்றுப்போனவர்களின் வீடுகளுக்குப் போனேன். குறை என்ற சொல்லையே எடுக்கவில்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் குளிர், அப்புறம் காய்ச்சல், அடிவயிறு கல்லாய் இறுகுவது. எல்லாருக்கும் இல்லை, ஆனால் பல பேருக்கு. சிலர் தேறினார்கள். திருவரங்குளம் ரோட்டில் இருக்கும் கண்ணாத்தாள் தேறினாள், இன்னும் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. சிலர் வீட்டில் எனக்குக் கதவு திறந்தது கிழவிகள்தான், பெற்றவள் உயிரோடு இல்லை. வாசலைத் தாண்டிய பிறகு நாம் பொறுப்பில்லை என்று எழுதினாய். உன் கடையில் வாங்கிய சாமான் விராலிமலையில் போய் உடைந்தால் இப்படித்தான் சொல்வாயா?

காரணம் எனக்குப் பிடிபடவில்லை. டாக்டர் பிரசவ அறைப் பக்கமே வருவதில்லை, எல்லாம் நர்ஸ் சொர்ணவல்லிதான். அவளைப் பற்றி மட்டும் ஒரு வீட்டில்கூட முகம் கோணிப் பேசவில்லை. காய்ச்சலில் கிடந்தவள்கூட அவளை வாழ்த்துகிறாள். "பாவம், அந்தக்காவுக்கு நகச்சுத்தி வந்து வெரலு வீங்கிக் கெடந்துச்சு ஆச்சி. எலுமிச்சம்பழத்தைக் கொடைஞ்சு வெரல்ல செருகியிருந்துச்சு. எனக்கு வலி வந்ததும் பழத்தைக் கழட்டி வச்சுட்டு வந்து, தன் வலியைப் பாக்காம எனக்குப் பாத்துச்சு. பெறகுதான் எடுத்துச் செருகிக்கிச்சு" என்று கண்ணாத்தாள் கண் கலங்கினாள். கிட்டத்தட்ட எல்லாருமே அந்தப் பழத்தைச் சொன்னார்கள். இப்படி ஒரு நல்ல மனுஷி இருக்கிற இடத்தில் இது ஏன் நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியாத இடத்தில் நம் பிள்ளையைப் படுக்கவைக்க வேண்டாம். திருச்சிக்கு ஏற்பாடு செய்.

சேதுலட்சுமி


சிவமயம்

சென்னை,
22-2-1954

ஆச்சிக்கு,

உங்கள் மேல் எனக்குள்ள மரியாதையை மறக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் வார்டில் உட்கார்ந்து விசாரிப்பதாலும் வீடு வீடாகப் போவதாலும் மனம் நொந்து டாக்டர் சிவசாமி ராஜினாமா எழுதி அனுப்பியிருக்கிறார். அவர் போனால் அந்தக் காட்டுக்கு இன்னொரு டாக்டர் வரமாட்டார். கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்திருக்கிறேன். இனி நீங்கள் வார்டுக்குள் போய் யாரையும் கேட்கக் கூடாது. பழைய கேள்வியையே, பழைய மாதிரியே கேட்கும்படி கண்ணுசாமிக்கு எழுதிவிட்டேன்.

தங்கையைக் கூட்டிவருவாயா என்பது ஒரு கேள்வியா, ஆச்சி? நாட்டுப்புறத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். பெற்றுக்கொண்டு போனபிறகும் பயம் போவதில்லை. அந்தப் பயத்தை நீங்கள் கேட்டு எழுப்பிவிட்டீர்கள். காய்ச்சலுக்கு நீங்களும் ஒரு காரணம் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. போன இடமெல்லாம் அந்த நர்ஸ் சொர்ணவல்லியை வாழ்த்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் விசாரித்ததும் வீண்போகவில்லை. தன் வலியைப் பாராமல் வேலை செய்கிறவள் எந்த ஊரில் கிடைப்பாள்? தனத்துக்கு அவளே பிரசவம் பார்க்கட்டும். வேறு யாரும் தொடக் கூடாது, எங்கே இருந்தாலும் அவளைக் கூப்பிட்டு வைக்க வேண்டும் என்று டாக்டருக்குக் கண்டிப்பாக எழுதியிருக்கிறேன். அவளுக்குக் கொடுக்க ஒரு பட்டுப்புடவையும் பார்சலில் வருகிறது.

இதிலாவது உங்கள் மனம் ஆறட்டும்.

சொக்கநாதன்


மருதங்குடிப்பட்டி,
12-3-1954

தம்பி,

இதை வேறொரு கார் டிரைவரிடம் கொடுத்து, உன்னைப் பார்க்க ரயிலடிக்கு அனுப்புகிறேன். தந்தி கிடைத்திருக்கும். நீ திருச்சி ஜங்ஷனில் இறங்கி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. தனத்தை முன்னாலேயே காரில் ஏற்றி அனுப்பிவிட்டோம், டாக்டரும் மாப்பிள்ளையும் கூடப் போகிறார்கள். பிள்ளையை அங்கே கொண்டுவர வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் நான் தங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பெண் பிறந்தாள் என்று உனக்குத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு முன்னால் சொர்ணவல்லி ஊரிலேயே இல்லை. விரல் ஆறும்வரை வேலைக்கு வரமாட்டேன் என்று லீவு சொல்லிவிட்டு மணமேல்குடியில் அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறாள். அவளாகவே ஒதுங்கிப் போனாள் தம்பி. உன் கடிதம் வந்தபிறகு டாக்டர் ஆள் அனுப்பி வரவழைத்திருக்கிறார். முதலாளி உத்தரவு என்றதும் ராத்திரி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்திருக்கிறாள்.

பிரசவ அறைக் கதவைச் சாத்தும் முன் நான் பார்த்தேன். விரலில் இருந்த பழத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அந்தப் பெண்கள் சொன்னது அத்தனையும் என் கண் முன்னால் நடந்தது, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, நீதானம்மா பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் தனத்துக்குக் குளிர் எடுத்தது. நான் போட்ட போர்வையெல்லாம் போதாமல் கட்டிலே ஆடியது. வீடுகளில் கேட்டதெல்லாம் அப்போது ஒன்று சேர்ந்தது. டாக்டரைத் தனியாக அழைத்து, சொர்ணவல்லி விரலுக்கும் இதற்கும் என்ன என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார். "வெரல்ல இருக்கற சீழு உள்ள போனா இந்தக் காய்ச்சல் வரும் ஆச்சி. ஆடி மாசத்துல இருந்து அவளுக்கு இது ஆறுறதும் வாரதுமா இருக்கு. வேற நர்ஸ் கெடைக்கலை. மருந்துத் தண்ணியில கை கழுவிக்கிட்டாப் போதும்னு விட்டுட்டேன்" என்றார்.

தெரிந்தே விட்டீர்களா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யாருமே ஒரு கொறையும் சொல்லலையே ஆச்சி. மொதலாளியும் பாராட்டித்தான் எழுதுனாங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நெனச்சுட்டேன்."

அங்கே என்ன ஊசி உண்டோ அத்தனையும் போடச் சொல். பென்சிலின் இல்லையென்றால் மெட்ராஸிலிருந்து வரவழை. காரில் ஏற்றும்போது தனம் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பிள்ளைக்குக் கண் மை வைக்காதீங்க அயித்தை, எரியும் என்றாள்.

சேதுலட்சுமி


திருச்சி,
17-3-1954

ஆச்சிக்கு,

பென்சிலின் போடுகிறார்கள். முந்தாநாள் காய்ச்சல் இறங்கியது, நேற்று மறுபடி ஏறிவிட்டது. இன்று கொஞ்சம் கஞ்சி குடித்தாள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். உங்கள் மடியில் சுகமாக இருக்கிறது என்றேன்.

இங்கே உள்ள டாக்டர் நல்ல மனிதர். எங்கே பிரசவம், யார் பார்த்தது என்று என்னைக் கேட்டார். நம் ஆஸ்பத்திரி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஊருக்குப் பக்கத்தில் என்று மட்டும் சொன்னேன்.

நினைவு தெளிந்திருந்த நேரத்தில் தனம் தானாகவே பேசினாள். வலி கண்டபோது சொர்ணவல்லி இவள் பக்கத்தில் குனிந்து, "பாப்பா, என் வெரலு இன்னும் ஆறலை. டாக்டரையே பாக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டாளாம். இவள் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? "அப்பச்சி ஒங்களைத்தான் பாக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. நீங்களே பாருங்கக்கா." இதைச் சொல்லிவிட்டு, அந்த அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள் அப்பச்சி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை கொதிக்கிறது. நான் வெளியே வராந்தாவில் வந்து நின்று அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

ஆஸ்பத்திரி விஷயமாக இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், யாரிடமும் பேசவும் வேண்டாம். எல்லாம் நடக்கிறபடி நடக்கட்டும். தனம் எழுந்து நடமாடியதும் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். நாளை தெளிந்துவிடும் என்றுதான் டாக்டர் சொல்கிறார்.

சொக்கநாதன்


மருதங்குடிப்பட்டி,
7-4-1954

தம்பி சொக்கநாதனுக்கு,

காரியம் முடிந்த அன்றே ஒரு வார்த்தை பேசாமல் ரயிலேறிவிட்டாய். பிள்ளையைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை ஒளிக்கப்போவதில்லை. ஆனால் கூடத்தில் தனம் கிடந்தபோது நீ அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ போன மறுநாள் சொர்ணவல்லி பின்கட்டுப் பக்கம் வந்து நின்றாள். உன் பட்டுப்புடவையைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து வைத்தாள். தனம் செத்த காரணத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தனத்துக்குத் திருச்சியில் என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். அவள் விரலைக் காட்டித்தான் சொன்னேன். அவள் அழவில்லை. தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அழகி என்றாள். அவளாகவே ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தாள், சொல்லச் சொல்ல என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் தலையாட்ட வேண்டியிருந்தது. இனிப் பிள்ளை பெறுகிறவளைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு மணமேல்குடிக்குப் போய்விட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் எல்லாரையும்விட அவள்தான் உண்மையைச் சொல்லப் பார்த்தாள்.

இப்போது புது நர்ஸ் ஒருத்தி வந்திருக்கிறாள். வார்டு நடக்கிறது. தனம் செத்தது திருச்சியில் என்பதால், முதலாளி வீட்டில் நம் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பெண் பிறந்தது என்ற பேச்சுத்தான் சுற்றுப்பட்டில் பரவியிருக்கிறது. நீ ஆசைப்பட்டபடி வண்டிகள் மறுபடி வாசலில் நிற்கின்றன. புதியவளின் கையை நான் இன்னும் பார்க்கவில்லை. வார்டுக்குள் நான் போகக் கூடாது என்ற உன் உத்தரவு அப்படியே இருக்கிறது.

நேற்றுக் காலை கண்ணுசாமி வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு முகப்பில் வந்து நின்றவர், வெகுநேரம் துண்டைத் திருகிக்கொண்டிருந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க ஆச்சி. பிரசவமாகிப் போற யாரையும் கேக்காம விடக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. பாப்பாவை அவசரமாக் கார்ல ஏத்துனதால அன்னைக்கிக் கேக்க முடியலை. மாசக் கடிதாசி அனுப்பணும். இந்த வீட்டுல இருந்து யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. சொன்ன வேலையைச் செய்கிறார்.

கேளுங்கள் என்றேன். நீ ஒரு வருஷமாகக் கேட்கத் தவறியதை எல்லாம் அந்த ஒரு பதிலில் சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். டாக்டர் ஆடியிலிருந்து அறிந்திருந்தது, நீ பிடிவாதமாக எழுதியது, அழகி, கண்ணாத்தாள், நம் தனம், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது.

பிள்ளை என் மடியில் இருந்தாள். அப்போதுதான் பால் குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதும் கொறை உண்டுங்களா ஆச்சி?" என்றார் கண்ணுசாமி.

என் கை தானாகப் போய்ப் பிள்ளையின் தலையை மூடியது. "ஒரு கொறையும் இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த மாதம் உனக்கு வரும் கடிதத்தில் என் பதிலும் சேர்ந்திருக்கும். அதை நம்பாதே.

சேதுலட்சுமி